தடைக்காலத்தைக் கேட்டு வாங்கியவர்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்காருகிற எவருக்கும் இரண்டு தேதிகள் மனப்பாடம். மார்ச் 14 நள்ளிரவோடு தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். ஜூன் 16 பிறந்த பிறகுதான் அதை மறுபடி எடுக்கலாம். சால்மனுக்கும் ட்ரவுட்டுக்கும் தேதிகள் வேறு. ரோச், பிரீம், பார்பெல், சப், பைக், பெர்ச் என்று சாதாரண மக்கள் பிடிக்கிற ஆற்று மீன்களுக்கான தடைக்காலம் இது. ஏன் இந்த மூன்று மாதம் என்று கேட்டால் மீன்கள் முட்டையிடும் பருவம் என்று பதில் வரும். ஆனால் மீன்களின் கணக்கு அப்படி இல்லை. பைக் பிப்ரவரி கடைசியிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். டேஸ் மார்ச்சிலும் பெர்ச் ஏப்ரலிலும் முட்டையிடும். பார்பெலும் சப்பும் மே, ஜூன் வரை காத்திருக்கும். டென்ச்சுக்கு ஜூன் பாதிக்கு மேல்தான் பருவமே வரும். நீர் எப்போது சூடேறுகிறது என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கும் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போகும். எல்லா மீனுக்கும் பொருந்தாத தேதிகள் சட்டத்தில் ஒன்றரை நூற்றாண்டாக எப்படி நிலைத்தன? அந்தக் கேள்விதான் என்னைப் பழைய சட்டங்களிடம் கொண்டுபோனது.

தடைக்காலம் என்ற எண்ணம் நான் எதிர்பார்த்ததைவிட மிகப் பழையது. முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்தில், 1285 இல் வந்த இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் ஹம்பர், டிரென்ட், டைன் முதலிய ஆறுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, செப்டம்பர் 8 முதல் நவம்பர் 11 வரை சால்மன் பிடிக்கக் கூடாது என்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை நீராலைத் தேக்கங்களில் குஞ்சு மீன்களை வலை போட்டு அள்ளக் கூடாது. முதல் தடவை மீறினால் வலையை எரித்துவிடுவார்கள், இரண்டாம் தடவை கால் ஆண்டுச் சிறை, மூன்றாம் தடவை ஓராண்டு. சத்தியப் பிரமாணம் செய்த மேற்பார்வையாளர்களை ஆறுதோறும் அமர்த்த வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தடை, தண்டனை, காவல் மூன்றும் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் வந்துவிட்டன. 1558 இல் எலிசபெத் அரசியின் காலச் சட்டம் இதோடு அளவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்தது: 16 அங்குலத்துக்குக் குறைந்த சால்மனையும் 8 அங்குலத்துக்குக் குறைந்த ட்ரவுட்டையும் பிடிக்கக் கூடாது. பின் வந்த சட்டங்களுக்கு வேண்டிய உறுப்புகளில் பெரும்பாலானவை இங்கேயே இருக்கின்றன.

இருந்தும் அவை ஆற்றைக் காக்கவில்லை. இதற்குச் சாட்சி 1653 இல் ஐசக் வால்டன் எழுதிய தூண்டில் நூல். மார்ச், ஏப்ரல், மே மாதங்களை விலக்கு மாதங்களாக மதிக்க வேண்டும் என்று அவர் வாதாடுகிறார். முதலாம் எட்வர்ட் காலச் சட்டத்தையும் இரண்டாம் ரிச்சர்ட் காலச் சட்டத்தையும் எடுத்துக்காட்டிவிட்டு, அவற்றைச் செயல்படுத்த ஆளில்லை என்று வருந்துகிறார். எல்லாருக்கும் பொதுவான வேலையை யாரும் தன் வேலையாக எடுத்துக்கொள்வதில்லை என்பது அவர் கண்ட காரணம். இன்றைய தடைக்காலத்துக்கு மூலமான 1878 சட்டம் மூடிய மாதங்களும் வால்டன் சொன்ன மாதங்களும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது கவனிக்கத் தக்கது. சால்மன் அந்த மாதங்களில் முட்டையிட ஆற்றுக்கு வருகிறது என்று அவர் நினைத்தார். சால்மன் உண்மையில் முட்டையிடுவது குளிர்காலத்தில். காரணம் தவறாக இருந்தாலும், வசந்தத்தில் ஆற்றை விட்டுவிட வேண்டும் என்ற வழக்கம் தூண்டில்காரர்களிடம் அப்போதே வேர்பிடித்திருந்தது. தடைக்காலத்தின் மூலத்தை உயிரியலில் மட்டும் தேடுவது போதாது என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

உரிமம் என்ற ஏற்பாடு வந்த வழி வேறு. தொழிற்சாலைகளும் அணைகளும் சால்மனை அழித்துக்கொண்டிருந்தபோது 1860 இல் ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதையொட்டி 1861 இல் ஒரு சட்டம் வந்து, ஆய்வாளர்களை அமர்த்தியது. 1865 சட்டம் ஆற்றுக் காப்பு வாரியங்களை உண்டாக்கி, தூண்டிலுக்கும் வலைக்கும் உரிமக் கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை அவற்றுக்குத் தந்தது. அந்தப் பணம்தான் ஆற்றுக் காவலர்களுக்குச் சம்பளம். மன்னர் காலச் சட்டங்களுக்கு இல்லாத ஒன்று இது. காவலுக்கு நிலையான வருமானம் வேண்டும், அதை ஆற்றைப் பயன்படுத்துகிறவரே தர வேண்டும் என்ற எளிய ஏற்பாட்டுக்கு ஆறு நூற்றாண்டு பிடித்தது. ஆனால் அதுவும் சால்மனுக்காக, அதாவது பெரும்பாலும் சால்மன் ஆறுகளின் கரையில் நிலம் வைத்திருந்தவர்களுக்காக வந்தது. ரோச்சுக்கும் பிரீமுக்கும் நாடு தழுவிய பாதுகாப்பு எதுவும் அப்போது இல்லை.

அந்த மீன்களுக்காகப் பேசியவர்கள் ஷெஃபீல்டின் எஃகுத் தொழிலாளர்கள். கத்தியும் அரமும் செய்த அந்த ஊரில் தூண்டில் சங்கங்கள் மதுக்கடைகளை மையமாகக் கொண்டு பெருகியிருந்தன. ஊருக்குள் ஓடும் டான் ஆறு தொழிற்சாலைக் கழிவால் மீனுக்கு ஆகாமல் போய்விட்டதால், அவர்கள் ரயிலேறி லிங்கன்ஷயரின் விதம் போன்ற ஆறுகளுக்குப் போனார்கள். வாரம் முழுவதும் சாணைக்கல் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர்கள் தேடிப்போன ஆறுகளில் மீன்கள் முட்டையிடக் கூட்டமாகக் கரையொதுங்கும் வேளையில் அவற்றை அள்ளிச் சந்தையில் விற்பதைத் தடுக்கச் சட்டம் இல்லை. ஷெஃபீல்டின் நாடாளுமன்ற உறுப்பினர் அந்தோணி ஜான் முண்டெல்லாவிடம் இந்தக் கோரிக்கை போனது. முண்டெல்லா இத்தாலியிலிருந்து அகதியாக வந்த ஒருவரின் மகன். நாட்டிங்காமில் காலுறை ஆலை நடத்தியவர். 1860 இல் அந்தத் தொழிலில் முதலாளிகளும் தொழிலாளிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் குழுவை உண்டாக்கியவர். பிறகு 1880 இல் பள்ளிக்குப் போவதைக் கட்டாயமாக்கிய சட்டமும் அவர் வழியாகத்தான் வந்தது. அவர் கொண்டுவந்த 1878 நன்னீர் மீன்வளச் சட்டம் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆற்றை மூடியது, அந்த நாட்களில் நன்னீர் மீனை விற்பதையும் தடுத்தது. இன்றும் மக்கள் அதை முண்டெல்லா சட்டம் என்றே சொல்கிறார்கள்.

என் வாதத்துக்கு இதுதான் அடிப்படை. முந்தைய சட்டங்கள் மேலிருந்து கீழே வந்தவை. இந்தச் சட்டமோ, யாருடைய கையைக் கட்டப்போகிறதோ அவர்களே கேட்டு வாங்கியது. குளிர் விலகி, பகல் நீண்டு, ஆற்றங்கரை அழகாக இருக்கும் மூன்று மாதத்தை வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு கொண்டவர்கள் தாங்களாக விட்டுக்கொடுத்தார்கள். அப்படிப்பட்ட விதிக்குக் காவலர் எண்ணிக்கையைத் தாண்டிய ஒரு பலம் இருக்கும். தான் விட்டுக்கொடுத்ததை அடுத்தவன் திருடுவதை எந்தத் தூண்டில்காரரும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். எல்லாருக்கும் பொதுவான வேலையை யாரும் செய்வதில்லை என்ற வால்டனின் வருத்தத்துக்கு 225 ஆண்டு கழித்துக் கிடைத்த விடை இது என்று நினைக்கிறேன்.

இதற்கு எதிரான சான்றும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தனியார் மீன்பிடி உரிமையுள்ள நீரில் உரிமையாளரின் அனுமதியோடு தூண்டில் போடுகிறவர்களுக்கு 1878 சட்டம் விலக்கு அளித்தது. பொது நீரை நம்பியிருந்த தொழிலாளியைக் கட்டிய விதி, சொந்த நீர் வைத்திருந்தவரைத் தளர்த்திவிட்டது. இது அநீதிதான். நிலவுடைமையாளர்கள் நிறைந்த நாடாளுமன்றத்தில் அந்த விலக்கு இல்லாமல் சட்டம் நிறைவேறியிருக்காது என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் அநீதி அநீதியே. ஆனால் அது என் வாதத்தை முறிக்கவில்லை. விலக்குப் பெற்றவர்கள் பாதுகாத்த விதியல்ல இது. விலக்கு இல்லாதவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சங்க விதிகளில் எழுதி, ஜூன் 16 ஐத் திருவிழா நாளாக்கிப் பாதுகாத்த விதி.

இதைவிடக் கடினமான மறுப்பு உயிரியலாளர்களிடமிருந்து வருகிறது. முட்டையிடும் காலத்தோடு ஒட்டாத தேதிகளை எதற்குப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? பிடித்த மீனை உடனே நீரில் விட்டுவிடும் வழக்கம் பரவிய பிறகு தூண்டிலால் என்ன கேடு? இந்தக் கேள்விகளின் விளைவாக 1995 இல் பெரும்பாலான ஏரி, குளங்களுக்கும் 2000 இல் பெரும்பாலான கால்வாய்களுக்கும் தடை நீங்கியது. அங்கே மீன்வளம் சரிந்துவிடவில்லை என்பது தடை நீக்கம் கேட்பவர்களின் வலுவான சான்று. ஆனால் குளத்து மீனில் பெரும்பகுதி வளர்த்து விடப்படுவது, குறைந்தால் மறுபடி விடலாம். ஆற்றில் பார்பெல் முட்டையிடச் சரளைக்கல் படுகையும் ஓடும் நீரும் வேண்டும். அந்த இடங்கள் ஆற்றின் நீளத்தில் மிகச் சில. கூட்டம் கூடும் இடம் எது என்பது தூண்டில்காரருக்கு நன்றாகத் தெரியும். சினை மீனைப் பிடித்துத் தூக்கி, படம் எடுத்து, திரும்ப விடுவது அதைச் சாகடிக்காமல் இருக்கலாம். அந்த ஆண்டு முட்டையிடுமா என்பது வேறு கேள்வி. 2019 இல் சுற்றுச்சூழல் முகமை மக்களிடம் கருத்துக் கேட்டபின் ஆறுகளுக்கான தடையை அப்படியே வைத்துக்கொண்டது. ஐயம் இருக்கும்போது ஆற்றின் பக்கம் சாய்ந்தது சரி என்பதே என் கருத்து. தேதியை மாற்றுவதானாலும், உரிமம் வாங்குகிறவர்களின் சம்மதத்தோடு மாற்ற வேண்டும். துல்லியமான தேதியை மேலிருந்து இறக்கினால், துல்லியம் கூடி மதிப்புக் குறையும்.

நடைமுறையில் இந்தச் சம்மதம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சட்டத்தின் ஒரு சிறு பிரிவு காட்டுகிறது. 1975 ஆம் ஆண்டின் சால்மன் மற்றும் நன்னீர் மீன்வளச் சட்டத்தின்படி, உரிமம் வைத்திருக்கும் எவரும் தன் உரிமத்தை முதலில் எடுத்துக் காட்டிவிட்டு, அதே பகுதியில் மீன்பிடிக்கும் இன்னொருவரிடம் உரிமத்தைக் கேட்கலாம். ஆற்றுக் காவலருக்குக் காவல்துறைக் காவலரின் அதிகாரம் உண்டு, உரிமம் இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதமும் உண்டு. ஆனால் நீண்ட ஆறுகளில் சம்பளக் காவலர் எங்கும் இருக்க முடியாது. 2009 இல் உருவான ஆங்லிங் டிரஸ்ட் என்ற தூண்டில்காரர் அமைப்பு, முகமையோடு சேர்ந்து தன்னார்வக் காவலர்களைப் பயிற்றுவிக்கிறது. அவர்கள் யாரையும் கைது செய்வதில்லை. பார்க்கிறார்கள், குறித்துக்கொள்கிறார்கள், தகவல் தருகிறார்கள்.

இப்படி ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் உரிமை, வெளியாள்மேல் பாயும் ஆயுதமாகாதா என்று கேட்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. பிடித்த மீனைச் சாப்பிடும் வழக்கமுள்ள கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகள்மேல் இங்கிலாந்தின் ஆற்றங்கரைகளில் சந்தேகம் குவிந்தது உண்மை. பைக் ஒன்று, அதுவும் 65 சென்டிமீட்டருக்குள், ஒரு நாளைக்கு எடுத்துச் செல்லலாம் என்று விதியே அனுமதிக்கும் இடத்திலும் வெறுப்பு எழுந்தது. இதற்கு ஆங்லிங் டிரஸ்டே கண்ட வழி, போலிஷ், லிதுவேனிய மொழிகளில் விதிகளை அச்சிட்டு, குடியேறிகளைச் சங்கங்களுக்குள் அழைத்தது. விதியைக் கேட்டு வாங்கியவர்களின் வட்டத்துக்குள் புதியவரையும் சேர்த்துக்கொள்வது அது. அது நடக்காத இடத்தில் என் வாதம் பொய்த்துப்போகும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முண்டெல்லா சட்டத்துக்கு மறு ஆண்டே, 1879 இல், சென்னை மாகாணம் நீலகிரிக்கு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. தடைக்காலம் அறிவிக்கவும் உரிமம் வழங்கவும் அதில் இடம் இருந்தது. ஆனால் அதன் பின்னால் நின்றது 1877 இல் வெள்ளை அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் அமைத்த வேட்டைச் சங்கம். மலையில் பரம்பரையாக வாழ்ந்தவர்கள் அந்தச் சட்டத்தைக் கேட்கவில்லை. ஓராண்டு இடைவெளியில் ஒரே பேரரசில் பிறந்த இரண்டு சட்டங்கள். ஒன்று தொழிலாளிகளின் மதுக்கடைக் கூட்டங்களிலிருந்து, மற்றொன்று ஆள்பவர்களின் சங்கத்திலிருந்து. காவிரியில் இந்த வேறுபாடு இன்னும் தீரவில்லை. கர்நாடகத்தின் கலிபோரே தூண்டில் முகாமில் மஹசீர் மீனைப் பிடித்து நீரில் விட்டவர்களின் குறிப்பேடுகள் 1998 முதல் 2012 வரை இருக்கின்றன. கூன்முதுகு மஹசீர் அருகிவருவதை ஆய்வாளர்கள் 2015 இல் கண்டறிந்தது அந்தக் குறிப்பேடுகளை வைத்துத்தான். அதற்குள் வனவிலங்குச் சட்டத்தைக் காரணம் காட்டி அங்கே தூண்டிலே தடைசெய்யப்பட்டுவிட்டது. 2018 இல் அந்த மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியாகி, மிக அபாய நிலையில் உள்ள இனமாகவும் பட்டியலிடப்பட்டது. இன்று அது அறியப்படுவது காவிரி வடிநிலத்தின் மாயாறு போன்ற வெகுசில நீர்களில்தான். மூன்று மாதம் மூடி ஒன்பது மாதம் திறந்து, வலைக்காரரையும் மலைவாழ் மக்களையும் தூண்டில்காரரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து எழுதிய விதி ஒன்று மாயாற்றுக்கு இதுவரை இல்லை. அதை எழுதத் தொடங்க முதலில் கேட்க வேண்டியது அந்த ஆற்றில் வலைவீசுகிறவர்களைத்தான்.