‘மான்’னா ஆயிரம் இல்லீங்க!

டோக்கியோவில் நிஷி-கசாய் ஸ்டேஷனில் இறங்கினால் நம்மூர் முகங்கள் நிறையவே தட்டுப்படும். 2000-ஐ ஒட்டி ஐ.டி. வேலைக்கு வந்த இந்தியர்கள் கூடு கட்டிய ஏரியா. துவரம்பருப்புகூடக் கிடைக்கும். அந்த தைரியத்தில்தான், மொழிப் பள்ளியில் படிக்க வந்த நான் தனியாளாக ரூம் தேடக் கிளம்பினேன். சென்னையிலேயே மூணு மாசம் ஜப்பானிய மொழி படிச்சாச்சு. வணக்கம் சொல்லத் தெரியும், ‘ஸ்டேஷன் எங்கே?’னு கேட்கத் தெரியும். அப்புறம் என்ன?

வீட்டு புரோக்கர் ஆபீஸில் ஒரு பேப்பரை நீட்டினார்கள். வாடகை 45,000 யென். “முன்பணம் எவ்வளவு?” என்றேன். “ஜூ ஹாச்சி மான்!”

ஜூ ஹாச்சின்னா 18. மான்னா ஆயிரமாத்தான் இருக்கணும்னு நானே முடிவு பண்ணிட்டேன். நம்மூரில் பத்து மாச அட்வான்ஸ் கேட்பாங்க, இங்கே வெறும் பதினெட்டாயிரமா? தங்கமான மனுஷங்கப்பா! இங்கே பணத்தைக் கையில் கொடுக்க மாட்டார்கள். சின்னத் தட்டில் வைக்கணும். 2024 ஜூலையில் வந்த புது பத்தாயிரம் யென் நோட்டு இரண்டை கெத்தாக வைத்தேன். அந்த நோட்டில் இருக்கும் ஷிபுசாவா எய்இச்சி, 1873-ல் ஜப்பானின் முதல் நவீன வங்கி தொடங்கக் காரணமானவர். அவரே சிரித்திருப்பார். புரோக்கர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். 180,000!

என்னிடம் இருந்த மொத்தமே 1,30,000. அதுவும் அம்மா வளையலை அடகு வைத்து அப்பா மாற்றிக் கொடுத்த பணம். வெளியே ஓடிவந்து சீனியர் அண்ணாவுக்கு போன் போட்டேன்.

“தம்பி, மான்னா பத்தாயிரம்டா. நமக்கு லட்சம், கோடி மாதிரி இவங்களுக்கு மான், ஓகு. வலது பக்கம் நாலு எழுத்தைக் கட்டைவிரலால மறைச்சிட்டுப் படி. மிச்சம் இருக்கிறதுதான் மான்.”

மறைச்சேன். 18! நம்ம ஒரு லட்சம் அவங்களுக்குப் பத்து மான். நம்ம பத்துக் கோடி ஒரு ஓகு. மூணு மாசத்துல எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

“சரிண்ணா, அது ஏன் அவ்வளவு?”

பேப்பரில் நாலு வரி, நாலும் 45,000. முதல் மாச வாடகை, புரோக்கர் கமிஷன், ‘ஷிகிகின்’, ‘ரெய்கின்’. ஷிகிகின் நம்ம அட்வான்ஸ் மாதிரி. காலி பண்ணும்போது சுத்தம், ரிப்பேர் செலவு போக மீதி வரும். ரெய்கின்னா வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் ‘நன்றிப் பணம்’. போனா போனதுதான்!

“ரெய்கின் நாஷின்னு கேளு. நாஷின்னா இல்லைன்னு அர்த்தம்.”

கேட்டேன். இருந்தது! ஸ்டேஷனிலிருந்து தூரம், வாடகை 40,000, கட்ட வேண்டியது மூணே வரி. 1,20,000. ஒரே ஒரு வார்த்தை மானத்தைக் காப்பாற்றியது.

ரூம் ஏன் இவ்வளவு முக்கியம்? குடியேறின 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரி பதியணும். அது ரெசிடென்ஸ் கார்டில் ஏறினால்தான் வங்கிக் கணக்கு. கணக்கு இருந்தால்தான் பார்ட் டைம் சம்பளம் வந்து விழும். அந்த வேலைக்கும் தனி அனுமதி வேணும், வாரம் 28 மணி நேரம்தான் உச்சம்.

வங்கியில் காத்திருந்தபோது அப்பா பேரைச் சொல்லி, கூடவே ‘சாமா’ போட்டு மரியாதையாகக் கூப்பிட்டார்கள். யாரையோன்னு நினைச்சு உட்கார்ந்தே இருந்தேன். மூணாவது தடவைதான் உறைத்தது. இனிஷியலை விரித்து பாஸ்போர்ட்டில் சர்நேம் ஆக்கினோமே... அது நான்தான்!

ஏ.டி.எம்.மில் இங்கிலீஷ் பட்டன் இருக்கும். ஆனா எல்லா வேலைக்கும் உதவாது. வரப்போறவங்க இதையெல்லாம் எழுத்தோட மனசுல ஏத்திக்குங்க: ‘ஹிகிதாஷி’ பணம் எடுக்க, ‘அஸுகேயிரே’ போட, ‘ஸான்தகா’ மீதி எவ்வளவுன்னு பார்க்க, ‘ஃபுரிகோமி’ அடுத்தவர் கணக்குக்கு அனுப்ப. ‘தெசூர்யோ’ வந்தா மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க. அது கட்டணம். நேரம் கெட்ட நேரத்தில் எடுத்தா பல இடங்களில் பிடிப்பாங்க.

விசா நீட்டிச்சா வங்கிக்கும் சொல்லணும். இல்லேன்னா கணக்கு முடங்கலாம். ஊருக்குத் திரும்பும்போது “உன் பாஸ்புக்கை விலைக்குக் கொடு”ன்னு யாராவது கேட்டா, ஓடிடுங்க. அது இங்கே குற்றம்.

முதல் சம்பளம் வந்த அன்று பாஸ்புக்கை மெஷினில் விட்டேன். இதுக்குப் பேர் ‘கிச்சோ’. கர்ர்னு அடிச்சு வெளியே தள்ளியது. போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

“மேலே ஏதோ கோடு கோடா இருக்கே, என்னடா அது?”

“கதகானா எழுத்துப்பா. முதல்ல இருக்கிறது உங்க பேரு.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “சாப்பிட்டியா?” என்றார்.

வளையலை மீட்க இன்னும் எத்தனை மான் வேணும்னு இப்போ எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.