பன்னிரண்டு நிறங்கள்

மாலை ஆறரை இருக்கும். வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்புகையில், கம்பத்துக்குக் கம்பம் தொங்கிய கறுப்புக் கேபிளை இழுத்து அறுத்துவிட்டுப் போயிற்று. சத்தமே இல்லை. மின்கம்பி அறுந்திருந்தால் தெருவே கூடியிருக்கும். இது அறுந்த சேதியை வீடுகள்தான் சொல்லின. எதிர்வீட்டில் சீரியல் ஒரு அழுகையின் நடுவில் உறைந்தது. மஸ்கட்டில் இருக்கும் கணவனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த மாடிவீட்டுப் பெண், செல்போனை ஜன்னலுக்கு ஜன்னல் நீட்டிப் பார்க்கிறாள். மருந்துக்கடைக்காரர் கம்ப்யூட்டரை இரண்டு முறை தட்டிவிட்டு, இழுப்பறையிலிருந்து பழைய பில் புத்தகத்தை எடுக்கிறார்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன் பழுதென்றால் லைன்மேன் வருவார், டிவி தெரியாவிட்டால் கேபிள்காரர் வருவார் என்றிருந்த தெரு இது. தந்திக்காரர் வேறு தனியே சைக்கிளில் வருவார். 2013 ஜூலை 14-ஆம் தேதி இரவோடு நாட்டில் தந்தியே நின்றுவிட்டது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பைக்கின் பின்னால் ஒரு பெட்டி கட்டியிருக்கிறது. மருந்துக்கடையில் ஏணியை இரவல் வாங்கி ஏறி, கம்பத்தில் வளையமாகச் சுற்றி வைத்திருந்த மிச்சக் கேபிளை அவிழ்த்துக் கீழே விடுகிறான். பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றைக் கம்பத்தடியில் விரித்துச் சம்மணமிட்டு உட்கார்கிறான்.

கேபிளின் தோலை உரிக்கிறான். உள்ளே சன்னமான குழாய். அதற்குள் நூல்போல மெல்லிய பன்னிரண்டு இழைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஓர் இழையை எடுத்து நிறப்பூச்சைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் நனைத்த டிஷ்யூவால் துடைக்கிறான். இப்போது அவன் விரல்களுக்கிடையே ஏதாவது இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியவில்லை. மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கனமுள்ள கண்ணாடி அது. ஒளி ஓடுகிற நடுப்பாதை அதற்குள்ளும் 9 மைக்ரான்தான். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குகூடத் தேறாது.

கிளீவரில் வைத்து அழுத்துகிறான். ‘டிக்’. துண்டான நுனியைக் கையால் தள்ளிவிடாமல், தொடையில் ஒட்டி வைத்திருக்கும் இன்சுலேஷன் டேப்பில் பதிக்கிறான். கண்ணுக்குத் தெரியாமல் தோலில் ஏறிவிடும் துண்டு அது. அவன் கையில் உறை இல்லை, கண்ணுக்கு மறைப்பும் இல்லை. இவனை வேலைக்கு அனுப்பியவர்கள் அதையாவது கொடுத்திருக்கலாம்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வீட்டுப் பெரியவர் வருகிறார். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் டார்ச்.

“எத்தனை கோர், தம்பி?”

“பன்னெண்டுங்க ஐயா.”

வேறொன்றும் கேட்காமல் குனிந்து, டார்ச் வெளிச்சத்தை அவன் விரல்மேல் விழும்படி பிடிக்கிறார். தெருவிளக்கில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஸ்ப்ளைஸிங் மிஷினின் சின்னத் திரையில் இரண்டு நுனிகளும் இரண்டு தூண்கள் மாதிரி எதிரெதிரே நிற்கின்றன. தாமாக நகர்ந்து, நேராகி, நெருங்குகின்றன. ஒரு பொறி. கண்ணாடி கண்ணாடியோடு உருகிச் சேர்கிறது. ‘0.02’ என்று எண் வருகிறது. அவன் முகம் தெளிகிறது.

அடுத்த இழைக்கு முன் அவன் வாய் முணுமுணுக்கிறது. “புளூ, ஆரஞ்ச், கிரீன், பிரவுன், ஸ்லேட்…”

பெரியவர் தொடர்கிறார். “ஒயிட், ரெட், பிளாக், எல்லோ, வயலெட்.”

அவன் நிமிர்ந்து பார்க்கிறான்.

“காப்பர் கேபிள்லயும் இதே வரிசைதான் தம்பி. முதல் அஞ்சு ஒரு பக்கம், அடுத்த அஞ்சு ஜோடிக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

“இதுல இன்னும் ரெண்டு இருக்குங்க ஐயா. ரோஸ், அக்வா.”

“ரோஸ், அக்வா” என்று பெரியவர் தமக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்.

அவர் காலத்தில் ஒருவர் சென்னைக்குப் பேசினால், பேசி முடிக்கும்வரை அந்தப் பாதை முழுவதும் அந்த இரண்டு பேருக்கே சொந்தம். இன்று குரலைப் பெரும்பாலும் நொடிக்கு ஐம்பது துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் முகவரி எழுதி அனுப்புகிறார்கள். மாடிவீட்டுப் பெண்ணின் குரல் மருந்துக்கடைக் கணக்கோடு கலந்து ஓடிப்போய், மறுமுனையில் பிரிந்து வரிசையாகிறது. வீட்டுக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர், திரும்பிப் போவது 1310, டிவிக்கென்று தனி ஒளி விட்டால் அது 1550. ஒரே இழைக்குள் எதிரும் புதிருமாக ஓடினாலும் இடித்துக்கொள்வதில்லை. அந்த ஓர் இழையையே பிரித்து முப்பத்திரண்டு வீடுகளுக்குக் கொடுக்கவும் முடிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

“எங்க காலத்துல கரண்ட் போனாலும் போன் அடிக்கும்” என்கிறார் பெரியவர். “எக்ஸ்சேஞ்ச்லேருந்து நாப்பத்தெட்டு வோல்ட் லைன்லயே வந்துடும்.”

“இது கண்ணாடிங்க ஐயா, கரண்ட் ஏறாது. வீட்டுப் பெட்டிக்கு அவங்கதான் கரண்ட் குடுக்கணும்.”

பெரியவர் தலையாட்டுகிறார். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய பிறகு டெல்டாவில் பல ஊர்கள் மின்சாரமில்லாமல், செல்போன் கோபுரங்களும் ஊமையாகி, மகள் வீட்டுக்கு ஒரு சொல் சொல்ல வழியின்றித் தவித்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. இத்தனையும் ஓர் இழையில் வருகிறதென்றால், அதற்கு மின்சாரம் தடைபடாதிருக்க வழி செய்வதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். நம் ஊர்களில் அதை இன்னும் வீட்டுக்காரர் தலையிலேயே விட்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது இழையும் சேர்ந்துவிட்டது. இணைப்புகளை வைத்த குளோஷரை மூடி, கிளிப்புகளை அழுத்தி, ஏணியேறிக் கட்டுகிறான். பவர் மீட்டரைச் செருகிப் பார்க்கிறான்: மைனஸ் 19. வீட்டுப் பெட்டிகளில் மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்திருக்க வேண்டும். எதிர்வீட்டு சீரியலுக்கு உயிர் வருகிறது. “கேக்குதா? இப்ப கேக்குதா?” என்று மாடியிலிருந்து குரல். மருந்துக்கடைக்காரர் மட்டும் பேனாவைக் கீழே வைக்காமல், எழுதிக்கொண்டிருந்த பில்லை முடிக்கிறார்.

அவன் இறங்கி வந்ததும் கிளம்பவில்லை. தொடையிலிருந்து டேப்பை உரித்து, டார்ச் முன் பிடித்து எண்ணுகிறான். மறுபடி எண்ணுகிறான்.

“ஒண்ணு குறையுதுங்க ஐயா. இருபத்தி நாலு இருக்கணும்.”

கம்பத்தருகே வெறுங்காலோடு ஓடிவந்த பையன்களைப் பெரியவர் கையைக் காட்டி நிறுத்துகிறார். “அங்கேயே நில்லுங்கடா. கண்ணாடி கெடக்கு.”

அவன் பேனரின் மேல் மண்டியிடுகிறான். பெரியவர் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடிக்கிறார். வெளிச்சம் மெல்ல ஊர்ந்து, பேனரைக் கடந்து, அவர் வேட்டிக்கரையில் நிற்கிறது. அங்கே ஊசிமுனை அளவுக்கு ஒரு மினுக்கம்.

“அசையாதீங்க ஐயா” என்று டேப்பின் நுனியால் ஒற்றி எடுக்கிறான்.

“இருபத்தி நாலு.”