செத்தது எந்த டிஸ்க்?

2022 நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பதுளை டவுனில் நான் வேலை செய்த சின்ன ஆபீஸில் ஒரு சேர்வர் இருந்தது. அதிலிருந்து நல்லா ஓடிக்கொண்டிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கை என் கையாலேயே இழுத்து வெளியே எடுத்தேன். பழுதானது அதற்குப் பக்கத்துத் தட்டில் இருந்தது.

அந்த சேர்வரில் என்ன இருந்தது என்று முதலில் சொல்லணும். பசறை, மடுல்சீமை, ஹாலி எல, நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் ஆட்களின் காகிதங்களை நாங்கள் ஸ்கேன் பண்ணி வைப்போம். பிறப்புச் சான்றிதழ், ஈபிஎஃப் கடிதம், செக்ரோல் பக்கம், தாத்தா காலத்துப் பிரஜாவுரிமைப் பத்திரம், எதுவானாலும். ஒரிஜினல் அவர்களிடமே போய்விடும். லயத்துக் கூரை ஒழுகும், கரையான் வரும், அடுப்புப் புகை படியும். சில பேருடைய காகிதத்துக்கு எங்களிடம் இருந்த படம் மட்டும்தான் மிச்சம்.

இதெல்லாம் வெறும் காகிதம்தானே என்று வெளியில் இருக்கிறவங்களுக்குத் தோணலாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களிடம் கேட்டது, உன் தகப்பன் இலங்கையில் பிறந்ததுக்கு அத்தாட்சி எங்கே என்று. அது இல்லாமல்தான் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, லயங்களோடு சேர்ந்து அவற்றில் இருந்த சான்றிதழ்களும் மண்ணுக்குள் போயின. ஸ்கேன் பண்ணி வைக்கிற வேலை எங்களுக்குப் பெரிசாகத் தெரிந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது டிஸ்க்குக்கு வருவோம். சேர்வர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பக்கம் நாலு தட்டு, ஒவ்வொன்றிலும் 4 டெராபைட் டிஸ்க். நாலையும் ரெய்ட் 5 என்ற முறையில் சேர்த்திருந்தோம். இதில் ஒவ்வொரு ஃபைலும் துண்டு துண்டாக நாலு டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கும். கூடவே சரிபார்ப்புக் கணக்கு ஒன்றும் எழுதப்பட்டிருக்கும். ஒரு டிஸ்க் செத்தால், மிச்ச மூன்றையும் படித்து அந்தக் கணக்கை வைத்துத் தொலைந்த துண்டைத் திரும்ப உண்டாக்கலாம். இரண்டு போனால் எதுவும் செய்ய முடியாது. முழுக் கதையும் இந்த இடத்தில்தான் இருக்கு: ஒன்று செத்த பிறகு நல்லதைத் தவறிக் கழற்றினால், சேர்வருக்கு அது இரண்டாவது சாவு.

அன்றைக்குக் காலையில் ரெய்ட் நிலவரத்தைப் பார்த்தேன். நாலு 'யூ' இருக்க வேண்டிய இடத்தில் மூன்று யூவும் நடுவில் ஒரு கோடும். லொக்கில் 'எஸ்டிசி' என்று டிஸ்க்கின் பெயரும் இருந்தது. ஏ, பி, சி. சி மூன்றாவது எழுத்து, அப்போ மூன்றாவது தட்டு. நான் யோசித்தது அவ்வளவுதான். 'எஸ்டிஏ' என்ற முதல் பெயரை சிஸ்டம் ஓடுகிற சின்ன எஸ்எஸ்டி எடுத்துக்கொண்டிருந்தது என்பது மறந்தே போச்சு. சி என்பது உண்மையில் இரண்டாவது தட்டு.

மூன்றாவதை இழுத்தேன். பத்து செக்கனில் பக்கத்து மேசை அக்கா, "தம்பி, ஃபோல்டர் திறக்க மாட்டேங்குதே" என்றார்.

உடனே திருப்பிச் செருகினேன். அது 'எஸ்டிஎஃப்' என்ற புதுப் பெயரோடு வந்து நின்றது. ரெய்ட் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கை உதறியது. கொழும்பில் சேர்வர் வேலை பார்க்கிற, எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவருக்கு போன் போட்டேன்.

"என்னாப்பா செஞ்ச?"

சொன்னேன்.

"சரி, இனி ஒண்ணையும் தொடாத. ரீஸ்டார்ட் பண்ணாத. நெட்ல பாத்துட்டு கிரியேட்னு ஏதாச்சும் கமாண்ட் அடிச்ச, நானே வந்து ஒதைப்பேன்."

ரெய்டைப் புதிதாக உருவாக்குகிற கமாண்ட் அது. வரிசை மாறி அடித்தால், பிழைக்கக்கூடிய டேட்டாவும் அழிந்துவிடும். பதற்றத்தில் பல பேர் செய்வது அதைத்தானாம். அண்ணன் வேறு ஒன்று பார்க்கச் சொன்னார். ரெய்டின் ஒவ்வொரு டிஸ்க்கும் தன்மேல் ஒரு எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கும். ரெய்டின் நிலை மாற மாற அது ஏறும். நாலையும் வாசித்தேன். மூன்றில் கிட்டத்தட்ட ஒரே எண். ஒன்று மட்டும் ரொம்பப் பின்னால், ராத்திரியே நின்றுபோனது. அதுதான் செத்தது. நான் பிடுங்கியது மற்றவற்றுக்கு நெருக்கமாக இருந்தது. ரெய்டை நிறுத்தி, அந்த மூன்றையும் மட்டும் வைத்து, கட்டாயப்படுத்திச் சேர்க்கிற கமாண்டை அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல நான் அடித்தேன். வந்தது. எழுதாமல் வாசிக்க மட்டும் திறந்து, வெளி டிஸ்க் ஒன்றில் ஸ்கேன் எல்லாவற்றையும் கொப்பி போட்டேன். அதுவரைக்கும் எங்களிடம் வேறு கொப்பியே கிடையாது. ரெய்ட் இருக்கே என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ரெய்ட் என்பது பேக்கப் இல்லை என்று ஆயிரம் இடத்தில் எழுதியிருக்கு. வாசித்தும் இருக்கேன்.

கொப்பி முடிந்த பிறகுதான் அண்ணன் சரியான வழியைச் சொல்லிக்கொடுத்தார்.

எழுத்துப் பெயரை நம்பக்கூடாது. ஏ, பி, சி என்பதெல்லாம் மெஷின் ஓன் ஆகும்போது எது முதலில் கண்ணில் பட்டதோ அந்த வரிசை. கேபிளை மாற்றினாலோ, ஒரு பென்டிரைவ் செருகியிருந்தாலோ அடுத்த முறை மாறலாம். மாறாதது சீரியல் நம்பர். அது டிஸ்க்குக்கு உள்ளேயும் இருக்கு, மேலே ஒட்டின லேபலிலும் இருக்கு. 'ஸ்மார்ட்சிடிஎல்' கமாண்டில் செத்த டிஸ்க்கின் நம்பரை வாசி. அது பதில் தராத அளவுக்குச் செத்திருந்தால், உயிரோடு இருக்கிறவற்றின் நம்பர்களை எழுதிக்கொள். லிஸ்டில் இல்லாதது அது. பிறகு மெஷினை முறைப்படி நிறுத்தி, தட்டை வெளியே எடுத்து, லேபலோடு ஒப்பிட்டுப் பார். நிறுத்த முடியாத சேர்வர் என்றால், நல்ல டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கொஞ்ச நேரம் வாசிக்க விடு. தட்டில் உள்ள லைட் சிமிட்டும். எதைக் கேட்டாலும் சிமிட்டாத தட்டு எதுவோ அதில் கை வை. பெரிய கம்பெனி சேர்வர்களில் குறிப்பிட்ட தட்டின் லைட்டை எரிய வைக்கவே கமாண்ட் இருக்கு. எங்களுடையதில் இல்லை.

இன்னொன்றும் கேட்டார்: "197 ஏறியிருக்கா, 199 ஏறியிருக்கா?" டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதும் ஸ்மார்ட் கணக்கின் வரிசை எண்கள் இவை. 5, 197, 198 ஏறினால் தட்டின் மேற்பரப்பே கெட்டுப்போகுது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எங்களுடையதில் 197 நூறைத் தாண்டியிருந்தது. ஆனால் இந்தக் கணக்கு சுத்தமாக இருந்தால் டிஸ்க் நல்லது என்றும் சொல்ல முடியாது. 2007இல் கூகுள் ஆட்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து எழுதினார்கள்: செத்தவற்றில் பாதிக்கு மேல், முக்கியமான நாலு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருந்தன.

சீரியல் நம்பர் விஷயம் கேட்டதும் எனக்கு எங்கள் அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மா கொழுந்து எடுத்த பிரிவில் ஒரே பேரில் மூன்று பேர். மேட்டு லயத்து லெச்சுமி, பணிய லயத்து லெச்சுமி என்று கூப்பிடுவாங்க. வீடு மாறினால் அந்தப் பேரும் மாறும். ஒருத்திக்குப் போட வேண்டிய பேரை இன்னொருத்திக்குப் போட்டு, இவளுக்கு அரைப் பேர், அவளுக்கு முழுப் பேர் என்று சம்பள நாளில் சண்டை வந்ததும் உண்டு. அதனால் அம்மா எங்கே போனாலும் செக்ரோல் நம்பரைத்தான் முதலில் சொல்லுவாங்க. ஈபிஎஃப் எடுக்கப் போனபோது அடையாள அட்டையில் ஒரு எழுத்து கூட, புத்தகத்தில் ஒரு எழுத்து குறைய. அது நீங்கதானா என்று கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் அலைய வைத்தார்கள். இத்தனையும் பார்த்து வளர்ந்த நான், ஒரு டிஸ்க்கை அது இருந்த வீட்டை வைத்து அடையாளம் பிடித்தேன்.

புது டிஸ்க் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கி, கொழும்பு பஸ்ஸில் வந்த ஒரு தெரிந்தவர் கையில் வந்து சேர்ந்தது. அந்த வருஷம் டொலர் ஏறின ஏற்றத்துக்கு விலையைச் சொல்லவே மனசு வரல. இன்னொரு தலைவலி கரண்ட். அப்போது தினமும் 2 மணி 20 நிமிடம் கட். 4 டெராபைட் டிஸ்க்கை மறுபடி நிரப்ப ஒன்பது பத்து மணித்தியாலம் ஆகும். அந்த நேரம் முழுக்க மிச்ச மூன்றும் ஒரு மூலை விடாமல் படிக்கப்படும். வயசான டிஸ்க் எதுவும் அப்போதே படுத்துவிடலாம். யூபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கும். அதனால் ராத்திரி கட் முடிந்த பிறகு தொடங்கினேன். தொடங்குமுன் நம்பரை நான் வாசிக்க, அக்கா லேபலைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். இரண்டு பேர், இரண்டு தரம். விடிய நாலு யூ.

ஆள் மாறிக் கை வைப்பது எங்கள் ஆபீஸில் மட்டும் நடப்பதில்லை. 2017 ஜனவரி 31ஆம் திகதி கிட்லேப் நிறுவனத்தின் ஒரு எஞ்சினியர், துணை சேர்வர் என்று நினைத்து பிரதான சேர்வரின் டேட்டாபேஸை அழித்தார். சுமார் ஆறு மணித்தியால டேட்டா போனது. பேக்கப் எடுக்க அவர்கள் வைத்திருந்த பல வழிகள் வேலை செய்யவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் அதை மறைக்காமல் எழுதினார்கள். அதை வாசித்த பிறகுதான் இதை எழுதுகிற தைரியம் எனக்கு வந்தது. நம்ம நாட்டிலும் 2023இல் அரசாங்க ஈமெயில் சேர்வரை ரான்சம்வேர் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள் போயின. அந்தக் காலத்துக்குத் தனியான பேக்கப் இருக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் பழுது வேறு, தாக்குதல் வேறு. ஆனால் இன்னொரு கொப்பி எங்கே என்ற கேள்வி ஒன்றுதான்.

இப்போது நாலு தட்டின் முன்பக்கமும் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கு, சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்து பெரிசாக. வெளி டிஸ்க் கொப்பி ஒன்று வேறு வீட்டில் இருக்கு.

செத்த டிஸ்க்கை என்ன செய்வது என்பதுதான் முடியாத பிரச்சினை. தனியாக ஒரு டிஸ்க்கில் ஒன்றும் வாசிக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் ரெய்ட் 512 கிலோபைட் துண்டுகளாகத்தான் பிரிக்குது. ஒரு சின்ன ஸ்கேன் முழுசாக ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும். யாரோ ஒருவருடைய பிறப்புச் சான்றிதழ் அப்படியே உள்ளே இருக்கலாம். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். சுத்தியல் எடுத்து வாரேன் என்றார். இன்னும் எடுத்து வரவில்லை. லாச்சிக்குள் கிடக்கு.