அப்பா வண்டி

டூ ஸ்ட்ரோக் என்ஜினின் தலைப்பகுதியில் வால்வுகளோ கேம் தண்டோ கிடையா. பிஸ்டன் ஏறி இறங்கும்போதே சிலிண்டர்ச் சுவரிலுள்ள துளைகளைத் திறந்து மூடுகிறது. உறுப்புகள் இவ்வளவு குறைவு என்பதாலேயே, எதையும் எதிலும் மாட்டிவிடலாம் என்றொரு நம்பிக்கை பணிமனைகளில் உலவுகிறது. அது பாதி உண்மை.

எங்கள் பங்கில் மறைந்த ஆசிரியர் ஒருவரின் யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியை, அவர் மகன் மீண்டும் ஓடவைக்க முனைந்தார். 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. சிலிண்டர் தேய்ந்திருந்தது. 50 மி.மீ. விட்டத்தை 0.25, 0.50 எனப் படிப்படியாக ரீபோர் செய்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். அந்தப் படிகளெல்லாம் முன்பே தீர்ந்திருந்தன. ஆர்.எக்ஸ்.135-இன் பிளாக்கை மாட்டிவிடலாம் என்றார் மெக்கானிக். இரண்டிலும் பிஸ்டனின் ஓட்டம் 50 மி.மீ.தான், ஆனால் 135-இன் விட்டம் 58. அகன்ற சிலிண்டர் உட்காரக் கிராங்க் கேஸின் வாயைக் கடைந்தாக வேண்டும். கடைந்த உலோகம் திரும்ப வராது.

வேறு வண்டியின் பிஸ்டனைத் தேடினாலும் விட்டம் ஒத்தால் போதாது. பின் துளைக்கு மேல் எவ்வளவு உயரம், கீழ்விளிம்பு எவ்வளவு நீளம், ரிங்கின் முனைகளை நிறுத்தும் சிறு ஊசி எங்கே என்றெல்லாம் பார்க்கவேண்டும். ஊசி துளைக்கு நேராக அமைந்துவிட்டால் ரிங் அதில் சிக்கி முறியும். (திருமணங்களைப் பற்றி இங்கே ஒரு வரி எழுதக் கை துடிக்கிறது, விட்டுவிடுகிறேன்.)

மகனின் தயக்கமோ வேறு. தந்தை பள்ளியிலிருந்து திரும்புகையில், தெருமுனையில் கேட்கும் அந்த ஒலியை வைத்தே தாய் காப்பிக்கு அடுப்பு மூட்டுவாராம். "பிளாக்கை மாற்றிவிட்டால் அது அப்பா வண்டியா, சாமி?" என்றார்.

சட்டத்திற்கு ஐயமில்லை. என்ஜின் எண் கிராங்க் கேஸில் பொறிக்கப்பட்டுள்ளது. சிலிண்டர் மாறினும் பதிவேட்டில் வண்டி அதுவே. உடலின் உயிர்ப்பை விளக்கும் புனித தோமஸ் அக்குவினாஸ் நெருப்பை உவமை காட்டுகிறார்: விறகு எரிந்து தீரத் தீரப் புது விறகு இட்டாலும் நெருப்பு அதுவே. குருமடத்தில் இவ்விளக்கம் எனக்கு நிறைவளித்தது. ஆனால் அவர் பேசியது ஆன்மா உள்ள உடலைப் பற்றி. இரும்பைக் குறித்து எனக்கு அவ்வளவு உறுதியில்லை. மாற்றவேண்டாம் என்றே சொன்னேன்.

பழைய சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் இறக்கி, மறுபடி 50-க்கே கடைந்தார்கள். செலவு கூடியது, மெக்கானிக் என்னைச் சற்று முறைத்தார். கிராங்க் தண்டின் இருபுற ஆயில் சீல்களையும் மாற்றினார்கள். அவை கசிந்தால் வெளிக்காற்று புகுந்து, கலவை மெலிந்து, புதுப் பிஸ்டனும் சூடேறி இறுகிவிடும்.

மூன்றாம் உதையில் என்ஜின் பிடித்தது. மகன் ஆசையோடு ஆக்ஸிலேட்டரைத் திருகினார். வாசலுக்கு வந்த தாய் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அவர் இவ்வளவு முறுக்கமாட்டாரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.