கிணற்றுக்குள் தெரியும் மண்

பாறை எப்படி மண்ணாகிறது என்று பார்க்க, எங்கள் கொங்குப் பக்கத்தில் மலை ஏற வேண்டாம். தண்ணீர் வற்றிய தோட்டத்துக் கிணறு ஒன்றில் படியிறங்கினால் போதும். மேலே முழங்கால் ஆழத்துக்குச் செம்மண், அருகம்புல் வேரோடு. அதன் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும், சுண்ணாம்புதான். மழை குறைந்த சீமை அல்லவா, பாறையிலிருந்து கரைந்த சுண்ணாம்பு வெளியே போக வழியில்லாமல் அங்கேயே திரண்டுவிட்டது.

அதற்கும் கீழேதான் விஷயம். பார்வைக்குப் பாறையேதான், பாறையின் பழைய வரிகள்கூட அப்படியே ஓடும். ஆனால் வெடி வேண்டாம், கடப்பாரைக்கே பெயர்ந்து வரும். ஒரு துண்டை விரலில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவாக ஒட்டுவது ஃபெல்ஸ்பார், பாதி களிமண்ணாகிவிட்டது. நறநறப்பது குவார்ட்ஸ், அது லேசில் மாறாது, மணலாக உதிரும். மினுக்குவது காக்காப்பொன். கறுப்புக் காக்காப்பொன்னில் உள்ள இரும்பு துருப்பிடித்து உப்பும்போது பாறை உள்ளிருந்தே விரிசல் விடுகிறது. செம்மண்ணின் சிவப்பும் இந்தத் துருதான்.

வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கிப் பாறை உடைகிறது என்று பள்ளியில் படித்தோம். பொய்யில்லை. ஆனால் இங்கே வெயிலே எட்டாத ஆழத்தில் அல்லவா இற்றுக் கிடக்கிறது! வேலை செய்வது ஈரம். வேரும் நுண்ணுயிரும் விடும் கரியமில வாயு மண்ணில் ஊறும் நீரில் கரைந்து லேசான அமிலமாகிறது. அது பாறைமேல் தேங்கி நின்று அரிக்க, மேலே மண் மூடியிருக்க வேண்டும். நாமக்கல் மலை மொட்டைப் பாறை. பெய்த மழை அப்போதே வழிந்துவிடும். அதனால்தான் இன்னும் அப்படி நிற்கிறது.

ஆக, மண்தான் அடியிலுள்ள பாறையை மண்ணாக்குகிறது. அதுவும் மெதுவாக. ஓர் அங்குலத்துக்குச் சில நூறு ஆண்டுகள் என்பதே தாராளக் கணக்கு. செங்கல் சூளைக்கும் மனை நிரவவும் பொக்லைன் அதை ஒரு பொழுதில் வழித்துவிடுகிறது. பிறகு ஈரம் தங்க இடமில்லை. மிஞ்சிய சுக்காங்காட்டில் சோளம்கூடத் தேறாது. மண் வேண்டுமென்றால் முறையாக அனுமதி வாங்கி ஏரி வண்டலை அள்ளுங்கள். மேட்டுக்காட்டு மேல்மண்ணை லோடு கணக்கில் விற்காதீர்கள்.