எந்த நாட்டு வயல் இது?

ஆதார் கார்டில் இனிஷியல் தப்பாக விழுந்துவிட்டதென்று ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு அலைகிற நண்பர்களே, உங்களுக்குக் கூச்பிஹார் கதை தெரிந்தால் அலுப்பு பாதியாகக் குறையும்.

மேற்கு வங்காளத்தின் வடக்கு மூலையில் இருக்கிறது கூச்பிஹார். ஒரு காலத்தில் சமஸ்தானம். அந்த ராஜாவும் ரங்பூரில் இருந்த மொகலாயத் தளபதியும் சதுரங்கம் ஆடுவார்களாம். பந்தயம்? ஊர்தான்! தோற்றவர் ஒரு கிராமத்தை எழுதிக் கொடுத்துவிடுவாராம். சரித்திரக்காரர்கள் இதை நம்புவதில்லை. 1713-ல் மொகலாயர்களோடு நடந்த உடன்படிக்கையைக் காரணம் காட்டுகிறார்கள். எனக்கென்னவோ சதுரங்கக் கதைதான் பொருத்தமாகப் படுகிறது. ஆடுகிறவர்கள் காயைக் கேட்டுவிட்டா நகர்த்துகிறார்கள்?

1947-ல் ரங்பூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1949-ல் கூச்பிஹார் இந்தியாவோடு சேர்ந்தது. 1971-ல் அந்தப் பக்கம் வங்கதேசமானது. துண்டு நிலங்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. வங்கதேசத்துக்குள் இந்தியத் துண்டுகள் 111; இந்தியாவுக்குள் வங்கதேசத் துண்டுகள் 51. இதில் உச்சகட்டம் தஹாலா கக்ராபாரி. இரண்டு ஏக்கர்கூட இல்லாத வயல், இந்தியாவுக்குச் சொந்தம். அதைச் சுற்றி வங்கதேச நிலம். அதைச் சுற்றி இந்திய நிலம். அதையும் சுற்றி வங்கதேசம்!

சிரிச்சாச்சா? இனிமேல்தான் விஷயம்.

இந்தியத் துண்டில் பிறந்தவன் பேப்பரில் இந்தியன். ஆனால் போஸ்ட்மேன் வரமாட்டார், போலீஸ் வராது, கவர்மென்ட் பள்ளிக்கூடம் கிடையாது. பாஸ்போர்ட் வாங்க இந்தியாவுக்குள் வரணும். வருவதற்கு நடுவில் வங்கதேசத்தைத் தாண்டணும். தாண்டுவதற்குப் பாஸ்போர்ட் வேணும்! பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, துண்டுக்கு வெளியே இருக்கிற யாரையோ அப்பா என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. பெற்றவன் வாசலில் நிற்பான். ரிஜிஸ்டரில் வேறொருத்தர் பெயர் இருக்கும்.

1974-லேயே இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் துண்டுகளை மாற்றிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஃபைல் நகர 41 வருஷம்! 2015-ல் அரசியல் சட்டத்தின் 100-வது திருத்தம் நிறைவேறி, ஜூலை 31 நள்ளிரவில் நிலங்கள் கைமாறின. இந்தியா கொடுத்தது 17,160 ஏக்கர், வாங்கியது 7,110. 'பத்தாயிரம் ஏக்கர் போச்சே!' என்று பதறியவர்கள் உண்டு. போஸ்ட்மேன் போகாத இடத்தில் நமக்கு என்ன சார் இருந்தது, மேப்பில் கொஞ்சம் கலரைத் தவிர?

எந்த நாடு வேணும் என்று ஜனங்களையே கேட்டார்கள். வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுகளில் சுமார் 37,000 பேர். மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. மற்றவர்கள் நாட்டை மாற்றிக்கொண்டார்கள், வீட்டை மாற்றிக்கொள்ளவில்லை. இந்தப் பக்கம் இருந்த 14,000 சொச்சம் பேரும் இங்கேயே இருந்து இந்தியரானார்கள்.

இவர்களுக்குத் தேசபக்தி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கிணறும் மாடும் பெரியவர்களைப் புதைத்த மண்ணும் இருக்கிற இடத்துக்கு நாடு தேடி வரட்டும் என்று 68 வருஷம் காத்திருந்தவர்கள் இவர்கள். கடைசியில் வந்தது. பையனின் ரிஜிஸ்டரில் சொந்த அப்பன் பெயரை எழுத முடிந்தது.

நாடு என்றால் வேறென்ன, சொல்லுங்கள்!