60 கிலோவுக்குக் கூசியவன்

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஜொகூர் கடற்பாலம் வெறிச்சோடியது; ஜிம்கள் மூடின. டெட்லிஃப்டை நான் விட்டதற்கு இதையே எல்லாரிடமும் காரணமாகச் சொல்லி வந்தேன். அது பொய். ஜிம்கள் திறந்த பிறகும், 2022 ஏப்ரல் 1-இல் எல்லை முழுதாகத் திறந்து நண்பர்கள் மறுபடி சிங்கப்பூர் வேலைக்கு ஓடத் தொடங்கிய பிறகும், ஸ்கூடாயில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ஜிம்முக்கு நான் போகவில்லை.

சோம்பல் அல்ல. ஒருகாலத்தில் 160 கிலோ தூக்கியவன் நான். கம்பியை எப்படிப் பிடிப்பது என்று நானே சொல்லிக்கொடுத்த தம்பிகள் முன்னால் 60 கிலோவோடு நிற்க மனம் ஒப்பவில்லை. ஒருவழியாகப் போனபோதும் அந்தத் திமிர் கூடவே வந்தது. எடுத்த எடுப்பில் 120 போட்டேன். முதுகு வளைவதைப் பார்த்து, "அண்ணே, வேணாம், எறக்குங்க" என்றான் ஒரு தம்பி. காதில் விழுந்தும் இழுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. கம்பி வழுக்கிவிட்டது என்று அவனிடம் சொன்னேன். அதுவும் பொய்.

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர். இடையில் தொடையில் காயம். 2018-இல் கோல்ட் கோஸ்ட்டில் அவர் தூக்கியது 317. தன் பழைய கணக்கைவிட 11 கிலோ குறைவு. அதற்கும் தங்கம் கிடைத்தது. அவர் உலக மேடையில் செய்ததை நான் நாலு பேர் பார்க்கும் ஜிம்மில் செய்யக் கூசினேன்.

பயிற்சியால் தசைக்குள் சேரும் உட்கருக்கள், தசை மெலிந்த பிறகும் தங்கியிருப்பதை ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் குண்டர்சன் குழுவினர் 2010-இல் எலிகளில் கண்டார்கள். மனிதரில் அது எந்த அளவுக்கு உண்மை என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் ஒருமுறை பழகிய உடம்பு, புதிதாகத் தொடங்குகிறவனைவிட வேகமாகப் பலம் பெறுவதைப் பயிற்சியாளர்கள் எல்லாரும் அறிவார்கள். தசைநாண்களுக்கு அந்த வேகம் கிடையாது. எனக்கு இது தெரியும். தெரிந்தேதான் 120 போட்டேன்.

இடுப்பு சரியானதும் 60-இல் தொடங்கி, வாரம் 5 கிலோ மட்டும் கூட்டினேன். முன்பு வருடக்கணக்கில் சேர்த்த பலத்தில் பெரும்பகுதி சில மாதங்களில் திரும்பியது. இப்போது 140 தூக்குகிறேன். 160 இன்னும் வரவில்லை.

பழைய எடையை நினைத்து ஜிம் வாசலில் தயங்கும் அண்ணன்மார்களே, உள்ளே போங்கள். தட்டே மாட்டாத 20 கிலோ கம்பியோடு தொடங்கினாலும் சரி. முதுகு வளைந்தால் உடனே இறக்கிவிடுங்கள்.